யாருடைய வினை?

அறியாமற் செய்த செயலுக்கும் பலன் உண்டா, உண்டெனில் அது செய்தவரைச் சேருமா, அல்லது தானாக நிகழ்ந்ததென்று கருதி விட்டுவிடத் தக்கதா என்ற விவாதம் மிகப் பழையது. சமண ஆசானாகிய நிகண்ட நாதபுத்தரின் சீடரும் பெருஞ்செல்வருமான உபாலி என்பவர், புத்தரை வாதில் வென்று வருவதாகச் சொல்லிப் புறப்பட்டு, நாலந்தாவில் அவரைக் கண்டு, உடலாற் செய்யும் வினையே கொடிது என்று தம் பக்கத்தை நிறுவ முயன்று, முடிவில் மனத்தாற் செய்யும் வினையே தலையாயது என்ற எதிர்ப்பக்கத்துக்கு இசைந்து, வெல்லப் போனவர் சீடராகித் திரும்பிய வரலாற்றைப் பாலி மொழியின் மச்சிம நிகாயம் விரிவாகச் சொல்கிறது. தமிழிலும் இந்த வழக்கு ஓய்ந்ததில்லை. மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் சித்தாந்தத்தைக் கேட்டு நிற்கிறாள். நீலகேசி பௌத்தரோடு வாதிடுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறாள். இவ்வளவு பெரிய வழக்கை ஒரு பந்தாட்டத்தின் அருகே கொண்டுவந்து வைப்பது சிலருக்கு அபசாரமாகத் தோன்றக்கூடும். ஆயினும், ஐரோப்பாவின் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் என்னும் கால்பந்துப் போட்டியில் நாக்-அவுட் சுற்றுகளைத் தொடர்ந்து கவனித்து வருபவருக்கு, அந்த வழக்கின் சாட்சியங்கள் ஏட்டில் கிடைப்பதைவிடத் தெளிவாக அந்தப் புல்தரையிலே கிடைக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் போட்டி 2001-இல் பெண்கள் கோப்பை என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. முதற் கட்டத்தில் அணிகள் பல ஆட்டங்கள் ஆடிப் புள்ளிகள் சேர்க்கின்றன. அதன்பின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் இரண்டிரண்டு அணிகள் எதிரெதிரே நின்று, ஒருமுறை ஒருவர் ஊரிலும் மறுமுறை மற்றவர் ஊரிலும் மோதி, இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அதிகக் கோல் போட்டவர் மேலே போக, மற்றவர் ஊர் திரும்புகிறார். இறுதி ஆட்டம் மட்டும் முன்பே குறித்த ஓர் ஊரில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. லீக் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை எண்ணிக்கையில் மட்டும் உள்ளதன்று. பிரெஞ்சு லீக்கில், நான் சொல்லப்போகும் ஆண்டில், ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள் இருந்தன. ஒரு நாள் காற்றடித்துப் பந்து திசைமாறியதும், ஒரு நாள் நடுவரின் கண் தப்பியதும், ஒரு நாள் கால் வழுக்கியதும் அத்தனை ஆட்டங்களின் பெருக்கத்தில் கரைந்துபோய், ஆண்டு முடிவில் எந்த அணி திறமையுடையது என்பது ஏறக்குறையச் சரியாகவே விளங்கிவிடுகிறது. நாக்-அவுட்டில் எதுவும் கரைவதில்லை. செய்த செயல் ஒவ்வொன்றும் செய்தபடியே, தன் முழுப் பலனோடு நிற்கிறது. ஆகையால் அந்தச் செயல் யாருடையது, அதைச் செயலென்று சொல்வதே தகுமா என்ற கேள்விகளும் அங்கே தட்டிக்கழிக்க முடியாதபடி எழுந்து நிற்கின்றன.

வெண்டி ரெனார் என்னும் வீராங்கனையின் பெயரைக் கால்பந்து அறிந்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் 1990-இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பதினாறு வயதில் கடல் கடந்து லியோன் நகரத்து அணியில் சேர்ந்து, ஆறடிக்கு மேற்பட்ட தம் உயரத்தாலும் அதைவிட உயர்ந்த நிதானத்தாலும் அந்த அணியின் தற்காப்புக்குத் தூணாகவும், பிறகு தலைவியாகவும் விளங்கியவர் அவர். லியோன் இந்தக் கோப்பையை எட்டு முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணிக்கும் வாய்க்காத அந்த எட்டிலும் ரெனாருக்குப் பங்கு உண்டு. 2016 முதல் 2020 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் வென்று, தோல்வி என்பதே மறந்துபோன நிலையில், 2021-ஆம் ஆண்டின் காலிறுதியில் அவர்கள் தம் நாட்டு அணியாகிய பாரிஸ் சாங்-ஜெர்மெனை எதிர்கொண்டார்கள். மார்ச் 24-ஆம் தேதி பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில், முடிவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது கிடைத்த பெனால்டியை ரெனார் கோலாக்கினார். லியோன் 1-0 என்று வென்றது. மறு ஆட்டம், லியோன் வீராங்கனைகளிடையே கொரோனா தொற்று பரவியமையால் தள்ளிப்போய், ஏப்ரல் 18-ஆம் தேதி லியோனில், பார்வையாளர் இல்லாத வெற்று அரங்கத்தில் நடந்தது. நான்காம் நிமிடத்திலேயே கத்தரினா மகாரியோ ஒரு கோல் போட்டபோது வழக்கு முடிந்துவிட்டது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். பாரிஸ் அணியின் கிரேஸ் கெயோரோ ஒன்றைத் திருப்பினார். பிறகு 61-ஆம் நிமிடத்தில், கோல் வாய்க்கு முன்னே வந்த பந்து ரெனார் மேல் பட்டு லியோனின் வலைக்குள்ளேயே போய்விட்டது.

நம் ஊர் மைதானங்களில் சேம்சைடு கோல் என்பார்களே, அதுதான். இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் இரு அணிகளும் 2-2 என்று சமம். ஆனால் வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அக்கால விதிப்படி, பாரிஸ் அணி வெளியூரில் பெற்றது இரண்டு, லியோன் பெற்றது ஒன்று. ஐந்தாண்டு ஆட்சி அன்றோடு முடிந்தது. முதல் ஆட்டத்தை வென்று தந்த கோலும் ரெனாருடையது. மறு ஆட்டத்தை எதிரிக்குத் தந்த கோலும் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. முன்னது அவர் எண்ணிச் செய்தது. பின்னது அவர் எண்ணாதது. கணக்கில் இரண்டும் ஒரே எடை.

ஆட்ட விதியை எடுத்துப் பார்த்தால், இந்த இடத்தில் அது எவ்வளவு கண்டிப்பானது என்பது புலப்படும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்குக் கீழே, பந்து முழுவதும் கோட்டை முழுவதும் கடந்ததா என்ற ஒரு கேள்வியைத் தவிர, கடைசியாகத் தொட்டவரின் உள்ளத்தைப் பற்றி விதி எதையும் விசாரிப்பதில்லை. ஆனால் கோல் கோட்டை விட்டு நகர்ந்து களத்துக்குள் வந்தால் அதே விதிப்புத்தகத்தின் குரல் மாறிவிடுகிறது. எதிராளியை மோதி வீழ்த்தும் ஃபவுல்களில் எண்ணம் நிரூபணமாக வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். அந்தக் கவனக்குறைவு மிகுந்து துடுக்குத்தனமானால் மஞ்சள் அட்டை, வன்மை வரம்பு மீறினால் சிவப்பு அட்டை என்று படி வைத்திருக்கிறார்கள். கையில் பந்து படுவதிலோ, வேண்டுமென்று தொட்டதா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டதனால் பட்டதா என்று நடுவர் ஆராய்கிறார். 2013-இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் அரங்கத்தில் நடந்த இறுதி ஆட்டம் முழுவதும் அத்தகைய ஒரு தீர்ப்பின்மேல்தான் நின்றது: லியோன் தற்காப்பில் ஒருவர் கையில் பந்து பட்டது, மார்ட்டினா முல்லர் அந்தப் பெனால்டியைக் கோலாக்கினார், வுல்ஃப்ஸ்பர்க் 1-0 என்று கோப்பையைக் கொண்டுபோயிற்று.

இதைவிட விசித்திரமான ஒரு விதியும் உண்டு. தமக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஒருவர் பைத்தியம் பிடித்தாற்போல், தெரிந்தே, வேறு யார் மேலும் படாமல் நேராகத் தம் வலைக்குள் உதைத்துவிட்டால், அது கோலாகாது. எதிரணிக்கு ஒரு கார்னர் மட்டுமே கிடைக்கும். அறிந்து செய்தவருக்கு மன்னிப்பும் அறியாமல் உரசியவருக்குத் தண்டனையும் வழங்குகிற சட்டம் உலகத்தில் வேறெங்கேனும் உண்டோ என்னவோ!

ஆக, கோல் கோட்டிலே நிற்கும்போது கால்பந்து விதி, புத்தர் எதிர்த்து வாதிட்ட அந்த நிகண்டரின் பக்கத்தில் நிற்கிறது என்று சொல்லத் தோன்றும்: செயல் உடலால் நிகழ்ந்தது, ஆகவே பலன் உண்டு. இப்படிச் சொல்வது சமணருக்கு நியாயம் செய்வதாகாது. பௌத்த நூல்கள் தம் எதிரிகளின் வாயில் வைத்த சொற்களை அப்படியே அவர்களுடைய சித்தாந்தமாகக் கொள்வது வழக்கறிஞரின் கட்சிப் பேச்சைத் தீர்ப்பாகக் கொள்வது போன்றது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தோடு, அதாவது கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவதையே ஹிம்சை என்று வரையறுக்கிறது. குந்தகுந்தர் இன்னும் ஒரு படி மேலே போய், கவனமில்லாமல் நடப்பவன் காலடியில் உயிர் மாண்டாலும் மாளாவிட்டாலும் அவனுக்குப் பந்தம் உண்டு, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவனை வெறும் ஊறு மாத்திரம் பந்திப்பதில்லை என்கிறார். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே கவனம் என்ற மூன்றாவது ஒன்றைக் கண்டு அதன்மேல் பொறுப்பை ஏற்றியது சமணரின் பெரிய நுட்பம். ஃபவுல் விதியை எழுதியவர்கள், உமாசுவாதியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்களாயினும், அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ரெனாரிடம் போவோம். அவர் கவனம் தப்பியவரா? சேம்சைடு கோல் யாருக்கு நேர்கிறது என்பதைச் சற்று யோசித்தால் விடை தெரியும். எதிரணி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே செலுத்தும்போது, சோம்பியும் சுணங்கியும் பத்தடி பின்தங்கி நிற்கும் தற்காப்பு வீராங்கனைக்குச் சேம்சைடு கோல் போடும் அபாயம் ஒருநாளும் கிடையாது. பந்து அவரைத் தொடப்போவதே இல்லை. தம் கோல் வாயை நோக்கி முகம் வைத்து முழு வேகத்தில் ஓடி வந்து, பின்னாலே காத்திருக்கும் எதிராளிக்குப் பந்து போய்ச் சேருமுன் இடையில் புகுந்து, காலையோ தலையையோ நீட்டுகிறவருக்கே அது நேர்கிறது. நூறு தடவை அவ்வாறு நீட்டியதனால் நூறு ஆபத்துகள் விலகியிருக்கும். அவற்றுக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. நூற்றோராவது தடவைக்கு மட்டும் பெயரும் நிமிடமும் எழுதி வைக்கப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டின் அரையிறுதி மறு ஆட்டத்தில், லியோன் கோல் காப்பாளர் கிறிஸ்டியானே எண்ட்லருக்கு நேர்ந்ததும் இத்தகையதே. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், ஆர்சனல் தலைவி கிம் லிட்டில் அனுப்பிய பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. அதைத் தடுக்கத் தாவிய எண்ட்லர் மேலேயே பட்டு வலைக்குள் விழுந்தது. தாவாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அவர் பெயர் அந்த வரியில் ஏறியிராது. முதல் ஆட்டத்தில் சொந்த ஊரில் 1-2 என்று தோற்றிருந்த ஆர்சனல் அன்று 4-1 என்று வென்று, பின்பு லிஸ்பனில் பார்சலோனாவை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையையும் அடைந்தது.

ஆகவே சேம்சைடு கோல் என்பது கடமையில் நின்றவரையே தேடி வருகிறது. எண்ணம் என்ற பௌத்த அளவையால் பார்த்தாலும், கவனம் என்ற சமண அளவையால் பார்த்தாலும் செய்தவர்மேல் குற்றம் இல்லை. பலன் மட்டும் குறைவின்றி இருக்கிறது. விதிப்புத்தகமும், வாய்விட்டுச் சொல்லாமல், இதை ஒப்புக்கொண்டே இருக்கிறது: சேம்சைடு கோல் போட்டவருக்கு எந்த அட்டையும் இல்லை, எச்சரிக்கை இல்லை, நடுவர் அவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பலன் வேறு, தோஷம் வேறு என்ற இந்தப் பகுப்பு, பெரிய பெரிய நீதிமன்றங்களும் தடுமாறும் இடத்தில், ஒரு விளையாட்டில் மிகச் சாதாரணமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கடைப்பிடிக்காதவர்கள் வெளியே இருப்பவர்கள்தாம். ஆண்கள் உலகக் கோப்பையில் 1994-இல் ஒரு சேம்சைடு கோல் போட்ட கொலம்பியாவின் ஆந்திரெஸ் எஸ்கோபார், சில நாட்களுக்குள் மெடெயின் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி, செயல் ஒருவருடையது என்று எந்த உறுதியோடு சொல்கிறோம்? 2021 மே மாதம் ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், முதல் நிமிடம் முடியுமுன்பே பார்சலோனாவின் லீக்கே மார்ட்டென்ஸ் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. செல்சியின் ஃபிரான் கிர்பி அதை அப்புறப்படுத்தப் பலமாக உதைத்தார். அது எதிரே நின்ற தம் அணியின் மெலனி லோய்போல்ட்ஸ் மேல் பட்டு, மேலெழுந்து வளைந்து, தம் கோல் காப்பாளர் தலைக்கு மேலாகவே வலைக்குள் போய் விழுந்தது. பதிவேடு லோய்போல்ட்ஸின் சேம்சைடு கோல் என்கிறது. உதைத்தவர் கிர்பி, உதைக்க நேரச் செய்தவர் மார்ட்டென்ஸ், லோய்போல்ட்ஸ் செய்தது அங்கே நின்றது ஒன்றுதான். நிற்பதும் ஒரு வினையா? கடைசியாகத் தொட்டவரே கர்த்தா என்பது கணக்கெழுதுவதற்கு வேண்டிய ஒரு சௌகரியமே தவிர, அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. செல்சி அன்று 0-4 என்று தோற்றது. அந்தத் தோல்வியில் பங்கில்லாத ஒருவரும் அணியில் இல்லை. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்து களத்தில் இறங்காதவர்க்கும் அதே பதக்கம்தான், அதே தோல்விதான். கூட்டுக் குடும்பத்தில் தகப்பன் வாங்கிய கடனுக்கு, அது வாங்கப்பட்ட நாளில் தொட்டிலில் கிடந்த பிள்ளையும் உரியவனாவது போலத்தான் இது. வினை தனியுயிருக்கே உரியது, அவரவர் செய்தது அவரவருக்கு என்ற கொள்கையைப் பல சமயங்கள் உறுதியாகச் சொல்கின்றன. பதினொருவர் சேர்ந்து ஒரு பெயரில் இயங்கும் எதைப் பார்த்தாலும், அணியாயினும் நாடாயினும், அந்தக் கொள்கை போதவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கால்பந்தின் கர்ம விதியில் வேறொரு விசேஷமும் உண்டு: அதைக் கமிட்டி கூடித் திருத்தலாம். வெளியூர்க் கோலுக்கு அதிக மதிப்பு என்ற விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமாகிய யூஃபா 1965-இல் கொண்டுவந்தது. வெளியூரில் ஆடுபவர் அஞ்சிப் பின்வாங்கி நிற்காமல் முன்னேறித் தாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். செயல் ஒன்றே ஆயினும் செய்த தேசத்தைப் பொறுத்து அதன் பலன் மாறும் என்ற கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. காசியிற் செய்த தருமத்துக்கும் வீட்டுத் திண்ணையிற் செய்த தருமத்துக்கும் வேற்றுமை கற்பித்தவர்கள்தாமே நாம்! அந்த விதி லியோனை வெளியேற்றிய சுமார் இரண்டு மாதத்துக்குள், 2021 ஜூனில், யூஃபா அதை அடியோடு ரத்து செய்தது. லியோன் ஆதரவாளர் ஒருவர் அன்று பெருமூச்சு விட்டிருந்தால் அது இயல்பே. ஆனால் அடுத்து நடந்ததைக் கேட்க வேண்டும். 2023 மார்ச் மாதக் காலிறுதியில் செல்சி அணி லியோனுக்கு வந்து 1-0 என்று வென்று போயிற்று. லண்டனில், அதே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில், மறு ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் லியோனின் வனெஸா ஜில் ஒரு கோல் போட்டு இரண்டு ஆட்டங்களின் கணக்கையும் சமனாக்கினார். கூடுதல் நேரத்தில் சாரா டேப்ரிட்ஸ் இன்னொன்று போட்டார். முடிவு விசில் ஊதப்போகும் தறுவாயில், 120 நிமிடங்களும் கடந்து சேர்க்கப்பட்ட நேரத்தில், செல்சியின் லாரன் ஜேம்ஸை ஜில் வீழ்த்தியதாக வீடியோ பார்த்து நடுவர் தீர்மானித்தார். மாரென் ம்யெல்டே அந்தப் பெனால்டியைக் கோலாக்கினார். அன்றைய ஆட்டம் லியோனுக்கு 2-1. மொத்தக் கணக்கு 2-2. லியோன் வெளியூரில் போட்டது இரண்டு, செல்சி வெளியூரில் போட்டது ஒன்று. பழைய விதி உயிரோடிருந்தால், ஒன்றும் பேசாமல் லியோன் அரையிறுதிக்குப் போயிருக்கும்! இருந்தபோது கொன்ற விதி, காக்க வேண்டியபோது இல்லாமற் போயிற்று.

இத்தகைய இடத்தில்தான் ஆசீவகர்கள் வந்து நம் தோளைத் தொடுகிறார்கள். எல்லாம் நியதி, முயற்சி என்பது ஒன்றுமில்லை, உருட்டிவிட்ட நூலுருண்டை தன் நீளம் தீர்ந்து நிற்பது போல் உயிர்கள் தம் ஓட்டம் ஓடித் தீரும் என்ற, அவர்களுடைய ஆசான் மற்கலியின் கொள்கைக்கு அந்த இரவில் லியோனில் ஆதரவாளர் பலர் கிடைத்திருப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் அதற்கடுத்து நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டிலேயே இருக்கிறது.

ஷூட்-அவுட்டை லாட்டரி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் நேர்மாறாகவே எண்ணுகிறேன். ஓடும் ஆட்டத்தில் ஒரு செயலுக்குள் இருபத்திரண்டு பேரின் செயல்களும், புல்லின் ஈரமும், காற்றும், பந்தின் சுழற்சியும் கலந்திருப்பதனால், எது யாருடையது என்று பிரித்தெடுக்க முடியாது. ஷூட்-அவுட்டில் பந்து அசையாமல் கிடக்கிறது. பதினொரு மீட்டர் தூரம். கோல் காப்பாளர் உதைக்கும் கணம்வரை ஒரு காலையாவது கோட்டில் வைத்திருக்க வேண்டும். விசில் ஊதியபின் எப்போது உதைப்பது, எந்தப் பக்கம் உதைப்பது என்பதை உதைப்பவரே தீர்மானிக்கிறார். சங்கற்பமும் செயலும் காலமும் ஒருவர் கையில் முழுமையாக ஒப்படைக்கப்படும் இடம் கால்பந்தில் இது ஒன்றுதான். 2017-இல் கார்டிஃப் நகரத்து இறுதி ஆட்டத்தில் லியோனும் பாரிஸும் 120 நிமிடங்கள் கோலின்றி ஆடி, ஷூட்-அவுட்டில் ஏழேழு பேர் உதைத்தும் 6-6 என்று நிற்க, எட்டாவதாகக் கோல் காப்பாளர்களே உதைக்க வந்தார்கள். பாரிஸின் கட்டார்சினா கியெட்ஜினெக் உதைத்தது வெளியே போயிற்று. லியோனின் சாரா பூஹதி உதைத்தது உள்ளே போயிற்று. அன்று முழுவதும் மற்றவர்களின் செயலுக்கு மறுசெயல் செய்துகொண்டிருந்த இருவர், கடைசியில் தாமே கர்த்தாவாக நின்ற கணம் அது. அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்வது அவர்கள் இருவரையும் குறைத்துச் சொல்வதாகும்.

2023-இன் ஷூட்-அவுட்டுக்கு வருகிறேன். செல்சியின் கோல் காப்பாளர் ஆன்-காட்ரின் பெர்கர் இருவருடைய உதைகளைத் தடுத்தார். ஒன்று லிண்ட்ஸி ஹொரானுடையது. மற்றது வெண்டி ரெனாருடையது. செல்சி 4-3 என்று வென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் அதே பதினொரு மீட்டரிலிருந்து கோல் போட்டவரும், மூன்று வாரங்கள் கழிந்து தம் வலையிலேயே பந்தைக் கண்டவரும், அதற்கடுத்த ஆண்டில் டூரின் நகரத்தில் பார்சலோனாவை 3-1 என்று வென்று எட்டாவது கோப்பையைத் தலைவியாக உயர்த்தியவரும் அவரே. இவற்றுள் எது அவருடையது? பாரிஸ் பெனால்டியும் லண்டன் பெனால்டியும் ஐயமின்றி அவருடையவை; முன்னதன் புகழும் பின்னதன் குறையும் அவருக்கே சேரும்; இரண்டிலும் அவருடைய எண்ணமும் கவனமும் முழுமையாக இருந்தன, எதிரே நின்றவரின் திறமை ஒன்றே வேறுபட்டது. ஏப்ரல் 18 அவருடையதன்று என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். அவர் அவ்வாறு சொல்வாரா என்பது வேறு விஷயம். தலைவியின் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டவர்கள், தம்முடையதல்லாததையும் தம்முடையதென்று ஏற்றுக்கொள்வதைத் தலைமையின் ஒரு பகுதியாகவே கருதுவார்கள் போலும். நியாய சாஸ்திரம் அதற்கு விலக்களித்தாலும் அவர்கள் அதைப் பெற்றுக்கொள்வதில்லை.

இந்த விசாரணையில் எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது வேறொரு வழக்கு. அதில் கேள்வி கர்த்தாவைப் பற்றியே. ஸ்வீடனின் டியூரெசோ என்னும் சிறிய ஊரின் அணி, உலகத்தின் தலைசிறந்த வீராங்கனைகளை விலைகொடுத்துச் சேர்த்து, 2012-இல் நாட்டின் சாம்பியனாகி, 2014 மே மாதம் லிஸ்பனின் ரெஸ்டெலோ அரங்கத்தில் வுல்ஃப்ஸ்பர்க்கை எதிர்த்து இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. வருமுன்பே கஜானா காலி. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அணி கலையப்போகிறது என்பது களத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். பிரேசிலின் மார்த்தா 28-ஆம் நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். இரண்டு நிமிடத்தில் வெரோ போக்கெத்தே இன்னொன்று போட்டார். இடைவேளைக்குப் பின் வுல்ஃப்ஸ்பர்க் இரண்டையும் திருப்பிவிட, மார்த்தா மறுபடியும் ஒன்று போட்டு 3-2 என்று முன்னே கொண்டுவந்தார். வுல்ஃப்ஸ்பர்க் மேலும் இரண்டு போட்டு 4-3 என்று வென்றது.

பலனை நோக்காமல் செய்க என்ற உபதேசத்துக்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு இல்லை என்று சிலர் சொல்லலாம். நான் அவ்வாறு சொல்லமாட்டேன்; அந்தப் பெண்கள் பலனை நோக்கியே ஆடினார்கள், வெல்லவே விரும்பினார்கள், தோற்றபோது அழுதார்கள். என் ஐயம் வேறு. அடுத்த மாதமே டியூரெசோ ஸ்வீடிஷ் லீக்கிலிருந்து விலகியது. அந்த ஆண்டு லீக்கில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. போட்ட கோல்களும் வாங்கிய கோல்களும் நடவாதவையாயின. லிஸ்பன் ஆட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஒரே இளவேனிலில் ஒரே அணி செய்த செயல்களில் ஒரு பாதி அழிந்துவிட்டது, மறு பாதி யூஃபாவின் ஏட்டில் 4-3 என்று நிலைத்துவிட்டது. ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லையெனில் வினைப்பயனை அனுபவிப்பவர் யார் என்று பௌத்தரைக் கேட்டவர்களுக்கு, செய்தவரும் அனுபவிப்பவரும் ஒருவரும் அல்லர், வேறும் அல்லர், ஒரு சுடரிலிருந்து மறுசுடர் தொடர்வது போன்ற தொடர்ச்சியே உண்டு என்று விடை சொன்னார்கள். டியூரெசோவின் உயர்ந்த அணிக்கு அத்தகைய தொடர்ச்சியும் இல்லை. அதன் வீராங்கனைகள் பல தேசங்களின் பல அணிகளுக்குப் பிரிந்து போனார்கள். ஆயினும் மார்த்தாவின் அந்த இரண்டு கோல்களும், போட்டவர் பெயரோடும் நிமிடத்தோடும், டியூரெசோவின் கணக்கில்தான் இன்றும் இருக்கின்றன.